தாதியர் பக்கம்: மருந்து வரும் நாளும் ஆள் வரும் நாளும்



சென்ற மாத வாலிபர் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கட்டட நிர்மாணம் படிக்கும் தம்பி ஒருவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். கல்லூரியில் மைக்ரோசொப்ற் புரொஜெக்ற் படிப்பிக்கிறார்களாம். எந்த வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும், எது முடிந்தால்தான் எது தொடங்கலாம் என்பதையெல்லாம் கோடு கோடாகப் போட்டுக் காட்டுமாம். ஆனால் எந்தக் கிழமைக்கு எத்தனை மூட்டை சீமெந்து தேவை, எத்தனை வந்து சேரும், இரண்டும் பொருந்துகிறதா என்பதை அதற்குள் எப்படிப் பார்ப்பது? "அக்கா, உங்களுக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

சீமெந்து எங்களுக்குத் தெரியாதுதான். ஆனால் வரவேண்டிய பொருள் வராமல் வரவேண்டிய ஆட்கள் மட்டும் வந்து நின்றால் என்ன நடக்கும் என்பது, 2021ஆம் ஆண்டில் ரொறன்ரோவில் தடுப்பூசி போட்ட எந்தத் தாதிக்கும் தெரியும். தம்பியின் கேள்விக்கு அந்த வழியாகவே இந்த மாதம் பதில் எழுதுகிறோம்.

உங்களில் பலர் அப்போது வீட்டிலிருந்து கணினியில் பாடசாலை படித்துக்கொண்டிருந்தீர்கள். 2021 ஏப்ரல் நடுப்பகுதி, கொரோனாவின் மூன்றாம் அலை. ஒன்ராறியோவில் ஒரு நாளில் கண்டறியப்பட்ட புதிய தொற்றுகள் அந்தக் கிழமையில் 4,000ஐத் தாண்டின. தீவிர சிகிச்சைப் பிரிவுகள் நிரம்பியிருந்தன. அந்தக் கிழமையில்தான் ஸ்காபரோ ஹெல்த் நெற்வேர்க், சென்ரெனியல் கல்லூரியிலும் சென்ரெனறி வைத்தியசாலையிலும் நடத்திவந்த இரண்டு தடுப்பூசி நிலையங்களைச் சில நாட்களுக்கு மூடவேண்டி வந்தது. காரணம் ஒன்றே ஒன்று: மருந்து போதவில்லை. கதிரைகள் இருந்தன, ஊசி போட ஆட்கள் இருந்தார்கள், வரிசையில் நிற்க மக்களும் ஆயத்தமாக இருந்தார்கள். குப்பிகள் மட்டும் இல்லை. சுமார் 10,000 முற்பதிவுகள் இரத்தாகின.

செய்தியில் வாசித்தபோது 10,000 என்பது ஓர் எண். ஸ்காபரோவில் வாழும் நமக்கோ அது தெருவும் மாடியும் முகமும் உள்ள எண். 'எம் 1' என்று தொடங்கும் அஞ்சல் குறியீடுகள் பல, மாகாண அரசு அடையாளம் கண்ட 114 அதிக ஆபத்துப் பகுதிகளுக்குள் இருந்தன. பொதிகள் கட்டும் களஞ்சியங்களில், முதியோர் இல்லங்களில், தொழிற்சாலைகளில் வேலை செய்து, ஒரே வீட்டில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் நிறைந்த பகுதி இது. வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதவர்கள். அந்தக் காலத்தில் நாங்கள் தொலைபேசியில் பேசிய அம்மம்மாக்களில் பலருக்கு முற்பதிவைப் பேரப்பிள்ளைகள்தான் செய்து கொடுத்திருந்தார்கள். இரத்துச் செய்தி மின்னஞ்சலில் போகும். மின்னஞ்சல் பேரனுடையது. பேரன் இரவு வேலை முடித்துவிட்டு நித்திரை. அம்மம்மா இரண்டு பஸ் மாறி, முகக்கவசத்துக்கு மேல் இன்னொரு முகக்கவசம் போட்டுக்கொண்டு, மடித்த கடதாசியோடு வந்து நிற்பார். இப்படி வந்த ஒருவரிடம், "இண்டைக்கு மருந்து இல்லை அம்மா" என்று எங்களில் ஒருவர் சொல்லவேண்டி வந்தது. அவர் கோபப்படவில்லை. "அப்ப நாளைக்கு வரட்டா பிள்ளை?" என்று கேட்டார். நாளைக்கும் இல்லை என்பதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

இனி தம்பியின் மென்பொருளுக்கு வருவோம்.

திட்ட அட்டவணை போடும் முறை கணினிக்கு வந்தது 1957இல். அமெரிக்காவின் டூபொண்ட் இரசாயனக் கம்பனியைச் சேர்ந்த மோர்கன் வோக்கரும், றெமிங்ரன் ராண்ட் கம்பனியின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து, 'கிறிற்றிக்கல் பாத்' என்று இன்று எல்லோரும் சொல்லும் முறையை உருவாக்கினார்கள். ஒரு பெரிய வேலையில் எந்தச் சங்கிலி தாமதமானால் முழு வேலையும் தாமதமாகுமோ, அந்தச் சங்கிலியைக் கண்டுபிடிப்பதுதான் அந்த முறை. மறு ஆண்டு அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கென்று 'பேர்ட்' என்ற இன்னொரு முறையைக் கொண்டுவந்தது. மைக்ரோசொப்ற் புரொஜெக்ற் 1984இல் வந்தது. இவை எல்லாம் நேரத்தைப் பற்றிய கேள்வியிலிருந்து பிறந்தவை: எப்போது முடியும்? பொருளைப் பற்றிய கேள்வி அவற்றுக்குள் பிறகு வந்து சேர்ந்த விருந்தாளி. அதனால்தான் தம்பிக்கு அந்த இடம் மட்டும் இடறுகிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

மைக்ரோசொப்ற் புரொஜெக்ற்றில் வளங்களைப் பதியும் விதங்களில் இரண்டை இங்கே பார்ப்போம். ஒன்று ஆட்களும் இயந்திரங்களும். ஒரு தாதிக்கு ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் என்று போட்டுவிட்டு, அவருக்குப் பன்னிரண்டு மணித்தியால வேலையைக் கொடுத்தால் மென்பொருள் சிவப்பு நிறத்தில் எச்சரிக்கும். இரண்டாவது, பாவித்தால் தீர்ந்துபோகும் பொருட்கள்: சீமெந்து, பலகை, மருந்து. இவற்றை மூட்டை, தொன், குப்பி என்று நீங்களே அலகு கொடுத்துப் பதியலாம். ஆனால் ஆட்களுக்கு இருப்பதுபோல "இதற்கு மேல் இல்லை" என்ற உச்ச எல்லை பொருளுக்கு இல்லை. கையில் 100 மூட்டை இருக்கும்போது 500 மூட்டை தேவைப்படும் வேலையைக் கொடுத்தாலும் மென்பொருள் வாய் திறக்காது. எந்த நாளில் எவ்வளவு செலவாகும் என்பதை அழகாகக் கூட்டித் தரும். அவ்வளவு வருகிறதா என்று கேட்காது. கேட்கவேண்டியவர் நீங்கள்தான்.

எப்படிக் கேட்பது? மருந்தை வைத்தே சொல்கிறோம்.

பைசர் தடுப்பூசி ஆரம்ப காலத்தில் 195 குப்பிகள் கொண்ட தட்டுகளில் வந்தது. ஒரு குப்பியில் ஆறு டோஸ் என்றால் ஒரு தட்டில் 1,170 டோஸ். ஒரு கற்பனை நிலையத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள் காலையில் ஒரு தட்டு வருகிறது. அடுத்த தட்டு வருவது அடுத்த திங்கள். நாளொன்றுக்கு 250 பேருக்குப் போட ஆட்களும் கதிரைகளும் இருக்கின்றன; ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை நாளொன்றுக்கு 250 முற்பதிவுகளைத் திறந்து விடுகிறார்கள். அட்டவணையில் எந்தச் சிவப்பும் இல்லை. ஒரு தாதிக்கும் மேலதிக வேலை இல்லை. எல்லாம் சரியாகத் தெரிகிறது.

இப்போது அதன் அருகில் இன்னொரு நிரலைப் போட்டு, ஒவ்வொரு நாள் முடிவிலும் எத்தனை மிச்சம் என்று எழுதுங்கள். திங்கள் மாலை 920. செவ்வாய் 670. புதன் 420. வியாழன் 170. வெள்ளி மாலை, மறை 80. அந்த மறை 80தான் வெள்ளி பிற்பகல் கதவடியில் நிற்கப்போகும் எண்பது பேர். திங்கட்கிழமையே அவர்களைக் கண்டுபிடித்துவிடலாம். வேறு ஒரு நாளைக் கொடுத்து, வீட்டிலிருந்து புறப்படுமுன்பே அறிவித்துவிடலாம். அந்த ஒரு நிரல் இல்லாவிட்டால் வெள்ளி மதியம் வரை யாருக்கும் தெரியாது.

தம்பிக்கான செய்முறை இதுதான். பொருள் வந்து சேரும் ஒவ்வொரு நாளையும், நீளம் இல்லாத ஒரு தனி நிகழ்வாக, மைல்கல்லாக, அட்டவணைக்குள் போடுங்கள். அந்தப் பொருளை நம்பியிருக்கும் வேலையை அந்த மைல்கல்லோடு தொடுத்துவிடுங்கள். லொறி ஒரு கிழமை பிந்தினால் வேலையும் தானாக ஒரு கிழமை தள்ளிப் போகட்டும். பிறகு, பொருளின் செலவை நாள்வாரியாகவோ கிழமைவாரியாகவோ காட்டும் பக்கத்தைத் திறந்து, அந்த எண்களை எக்செல்லுக்குக் கொண்டுபோங்கள். செலவுக்குப் பக்கத்தில் வரவு, அதற்குப் பக்கத்தில் மிச்சம். மிச்சம் பூச்சியத்துக்குக் கீழே போகும் முதல் நாளைத் தேடுங்கள். மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். "இந்த மாதத் தேவை 5,000, இந்த மாத வரவு 5,000, சரிதானே?" என்பார்கள். 5,000மும் மாதக் கடைசி நாளில் வந்தால் மாதம் முழுவதும் பட்டினிதான்.

இது வெறும் கூட்டல் கழித்தல். கடினம் அந்த எண்கள் அசையாமல் இருப்பதில்லை என்பதில்தான் இருக்கிறது.

முதலாவது, ஒரு குப்பியில் எத்தனை டோஸ்? டிசம்பர் 2020இல் தடுப்பூசி தொடங்கியபோது பைசர் குப்பிக்கு ஐந்து டோஸ் என்றுதான் அனுமதி. 2021 பெப்ரவரி 9இல் கனடா சுகாதாரத் திணைக்களம் அதை ஆறாக மாற்றியது. ஆனால் ஆறாவது டோஸை எடுப்பதற்கு, ஊசியின் அடியில் மருந்து தேங்காத விசேட சிரிஞ்ச் வேண்டும். சாதாரண சிரிஞ்சில் ஒவ்வொரு முறையும் ஒரு துளி உள்ளேயே தங்கிவிடும். ஐந்து முறை எடுத்தபின் ஆறாவதுக்குப் போதாது. மேலே சொன்ன கற்பனை நிலையத்துக்கு அந்தச் சிரிஞ்ச் வந்து சேரவில்லை என்று வையுங்கள். அதே 195 குப்பி, ஆனால் 975 டோஸ். மிச்சம் வியாழக்கிழமையே மறை 25க்குப் போய்விடும். மருந்து குறையவில்லை, குப்பி உடையவில்லை. சில சத விலையுள்ள சிரிஞ்ச் வராததால் 195 பேருக்குரிய மருந்து கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. ஆகவே பட்டியலில் பெரிய பொருளை மட்டும் எழுதாதீர்கள். கதவு வந்து பிணைச்சல் வராவிட்டால் கதவு வந்தது கணக்கில் இல்லை.

இரண்டாவது, காலாவதி. சீமெந்துக்குக்கூட ஓர் ஆயுள் இருக்கிறது என்று தம்பி சொன்னார். இந்த மருந்தின் ஆயுளோ அன்று மணித்தியாலக் கணக்கு. ஆரம்பத்தில் மறை 80 முதல் மறை 60 பாகை செல்சியஸ் வரையான குளிரில் வைத்திருக்கவேண்டியிருந்தது. வெளியே எடுத்துச் சாதாரண குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஐந்து நாள். உப்புநீர் கலந்துவிட்டால் ஆறு மணித்தியாலம். "குறைவு வந்துவிடக்கூடாது, இரண்டு தட்டாக இளக்கி வைப்போம்" என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு முடிவெடுத்தால் கையில் 2,340 டோஸ். ஐந்து நாளில் 1,250 போடலாம். மீதி 1,090 குப்பையில். குறைவுக்குப் பயந்தவர் வீணடிப்பில் விழுந்துவிடுவார். 2021 மே மாதத்தில் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதம் வைத்திருக்கலாம் என்று அனுமதி வந்தபோது எங்களுக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல. மருந்து ஒரு துளி கூடவில்லை. ஆனால் அட்டவணை மூச்சுவிட ஆரம்பித்தது. சிறிய கிளினிக்குகளுக்கும் குடும்ப வைத்தியர்களுக்கும் அதைக் கொடுப்பது இலகுவானது.

2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் வரும் விதவையின் எண்ணெயை ஓய்வுநாள் பாடசாலையில் படித்திருப்பீர்கள். அங்கே எண்ணெய் நின்றது எண்ணெய் தீர்ந்ததால் அல்ல, பாத்திரம் தீர்ந்ததால். மாலை ஏழு மணிக்கு, கலந்த குப்பியில் நான்கு டோஸ் மிஞ்சி, முற்பதிவு செய்தவர்கள் வராமல் போய், நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்களுக்கு அந்த அதிகாரம் ஞாபகம் வரும். அயல்வீட்டாரிடம் போய்ப் பாத்திரம் கேட்டதுபோல, பதினைந்து நிமிடத்தில் வந்து சேரக்கூடியவர்களின் காத்திருப்புப் பட்டியலை எடுத்து வரிசையாகத் தொலைபேசியில் அழைப்போம். பக்கத்துக் கடையில் வேலை செய்தவர்கள் அங்கி கழற்றாமல் ஓடி வந்ததும் உண்டு. தேவையும் ஒரு பொருள்போல, கையில் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டிய ஒன்றுதான்.

மூன்றாவது, இன்று செய்யும் வேலை நாளைக்கு ஒரு தேவையை உண்டாக்குகிறது. ஒருவருக்கு முதலாவது ஊசி போட்டால் இரண்டாவது ஊசி ஒரு கடன். பைசருக்கு முதலில் சொல்லப்பட்ட இடைவெளி 21 நாள். அட்டவணை மொழியில் சொன்னால், முதல் ஊசி முடிந்து 21 நாள் கழித்து இரண்டாம் ஊசி என்று ஒரு தொடுப்பு. 2021 ஜனவரியில் பெல்ஜியத்தின் பூர்ஸ் என்ற ஊரிலுள்ள பைசர் தொழிற்சாலையில் உற்பத்தியைப் பெருக்குவதற்காக மாற்றவேலைகள் நடந்தன. அதனால் ஜனவரி 25இல் தொடங்கிய கிழமையில் கனடாவுக்குப் பைசர் ஒரு டோஸ்கூட வரவில்லை. முதல் ஊசி போட்டவர்களின் கடன் மட்டும் நாளை எண்ணிக்கொண்டு நின்றது. வந்த கொஞ்சத்தை அவர்களுக்குக் கொடுப்பதா, முதல் ஊசியே கிடைக்காத வயோதிபர்களுக்குக் கொடுப்பதா? அந்தக் கேள்விக்கு நல்ல பதில் என்று ஒன்றும் இருக்கவில்லை.

மார்ச் 3இல் தேசிய ஆலோசனைக் குழு இடைவெளியை நான்கு மாதம் வரை நீட்டலாம் என்று சொன்னது. பலர் பயந்தார்கள், எங்கள் வீடுகளிலும் வாக்குவாதம் நடந்தது. மருத்துவக் காரணங்களை இங்கே நாங்கள் விவாதிக்கவில்லை. அட்டவணையில் அது என்ன செய்தது என்று மட்டும் பாருங்கள். ஒரு தொடுப்பில் 21 என்ற எண் ஏறத்தாழ 112 ஆனது. வசந்த காலத்தில் குவிந்திருந்த இரண்டாம் ஊசித் தேவை முழுவதும் கோடைக்குத் தள்ளிப்போனது. கோடையில் மருந்து தாராளமாக வரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது; அது நிறைவேறியது. ஜூன் 27ஆம் திகதி ரொறன்ரோ நகரின் ஸ்கோஷியா பாங்க் அரீனாவில் ஒரே நாளில் 26,771 பேருக்கு ஊசி போட்டார்கள். ஏப்ரலில் கதவை மூடிய அதே நகரம். இடையில் மாறியது தாதியரின் திறமையல்ல, குப்பி வந்த நாள்.

நான்காவதுதான் எங்களுக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது. வரவு நிரலில் எழுதும் எண் பெரும்பாலும் பொருள் அல்ல, வாக்குறுதி. 2021 ஏப்ரல் 16இல், அந்த மாத முடிவுக்குள் கனடாவுக்கு வரவிருந்த 1.2 மில்லியன் மொடேர்னா டோஸ்களில் 650,000 மட்டுமே வரும் என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ பாதி. அதற்கு முதல் நாள் ஒருவர் தன் கணினியில் பார்த்திருந்தால் 1.2 மில்லியன் என்றுதான் இருந்திருக்கும்; களஞ்சியத்தில் இருக்கும் பெட்டியின் எண்ணும், இன்னும் தொழிற்சாலையைவிட்டுப் புறப்படாத பெட்டியின் எண்ணும் திரையில் ஒரே எழுத்தில், ஒரே கறுப்பு நிறத்தில்தான் தெரியும். அதனால் நாங்கள் பழகியது இது: வரவு நிரலை மூன்றாகப் பிரிப்பது. கையில் இருப்பது ஒன்று, லொறியில் ஏறிவிட்டது இன்னொன்று, வரும் என்று சொல்லியிருப்பது மற்றொன்று. முதல் இரண்டை நம்பி மக்களுக்கு நாள் கொடுக்கலாம். மூன்றாவதை நம்பி நாள் கொடுத்தால், அது தள்ளிப்போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எங்கள் நாட்களில் ஒரு வெள்ளைப் பலகையில் இந்த மூன்றையும் எழுதி, ஒவ்வொரு மணித்தியாலமும் ஒருவர் குப்பியை எண்ணித் திருத்துவார். கணினியில் இருந்த எண்ணைவிட அந்தப் பலகையைத்தான் எல்லோரும் பார்த்தோம்.

இதன் மறுபக்கத்தையும் ஒன்ராறியோ பார்த்திருக்கிறது. 2003இல் சார்ஸ் நோய் ரொறன்ரோவுக்குள் வந்தது ஸ்காபரோ கிறேஸ் வைத்தியசாலை வழியாக. அந்த ஆண்டு கனடாவில் 44 பேர் இறந்தார்கள். அவர்களுக்குள் ரொறன்ரோவில் நோயாளரைப் பராமரித்த இரண்டு தாதியரும் ஒரு வைத்தியரும் இருந்தார்கள். எங்களுக்கு முந்திய தலைமுறைத் தாதியர் அதைப் பற்றி இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். நீதிபதி ஆர்ச்சி காம்பெல் தலைமையிலான ஆணைக்குழு விசாரித்து, பாதுகாப்பைப் பற்றி உறுதியான எச்சரிக்கைகளைக் கொடுத்தது. மாகாணம் சுமார் 55 மில்லியன் என்95 முகக்கவசங்களை வாங்கிக் களஞ்சியத்தில் அடுக்கியது. நல்ல காரியம். ஆனால் அவற்றைக் காலாவதி ஆகுமுன் வைத்தியசாலைகளுக்கு அனுப்பிப் பாவித்து, பதிலுக்குப் புதியதை வைக்கும் சுழற்சி நடக்கவில்லை. 2017இல் மாகாணக் கணக்காய்வாளர் நாயகம், அந்த அவசரக் கையிருப்பில் 80 வீதத்துக்கும் மேலானவை காலாவதியாகிவிட்டன என்று அறிக்கையில் எழுதினார். 2020 மார்ச்சில், ஒரு முகக்கவசத்தைக் கடதாசிப் பைக்குள் வைத்து மறுபடி போட்ட தாதியர் இந்த நகரத்தில் இருந்தார்கள்.

பட்டியலில் எண் இருந்தது. திகதி நிரலை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. யோசேப்பு எகிப்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்த கதையை இப்படியான இடங்களில் பலரும் சொல்வார்கள். நாங்கள் அதில் கவனிப்பது வேறு ஒன்று. ஏழு வருடம் சேர்த்ததை அவன் அடுத்த ஏழு வருடத்துக்குள் எடுத்துக் கொடுத்தான். சேர்ப்பதற்கும் திறப்பதற்கும் இரண்டுக்கும் அவனிடம் நாள் இருந்தது. (தானியம் மிகுந்துபோனதால் ஒரு கட்டத்தில் எண்ணுவதையே விட்டுவிட்டான் என்றும் அங்கே இருக்கிறது. எங்கள் மருந்து அறையில் அப்படிச் செய்தால் வேலை போய்விடும்.)

இனி இதை நம் சபைக்குள் கொண்டுவருவோம். டிசம்பரில் வாலிபர் சங்கம் கட்டும் உணவுப் பொதிகளுக்கு மைக்ரோசொப்ற் புரொஜெக்ற் வாங்கவேண்டாம். அதற்குச் செலவழிக்கும் காசுக்கு அரிசி வாங்கலாம். எக்செல் தாள் ஒன்று போதும். எங்கள் அனுபவத்தில், மென்பொருள் பெரிதாகப் பெரிதாக அதைத் திறந்து பார்ப்பவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். கைத்தொலைபேசியில் பத்துப் பேரும் பார்க்கக்கூடிய ஒரு தாள், ஒருவர் மட்டும் திறக்கத் தெரிந்த அருமையான அட்டவணையைவிட நல்லது. கட்டட வேலைக்குப் போகும் தம்பிக்கு இது பொருந்தாது. 300 வேலைகள் ஒன்றோடொன்று தொடுத்திருக்கும் இடத்தில் அவருக்கு அந்த மென்பொருள் வேண்டும்; ஆனால் அங்கும் மிச்ச நிரலை அவரேதான் போடவேண்டும்.

பொதிகளுக்கான தாளில் திகதி, வரவு, செலவு, மிச்சம் என்று நான்கு நிரல்கள் கட்டாயம். வரவில், கடைக்காரர் "தாறன்" என்று சொன்னதையும் மண்டபத்துக்குள் இறக்கிவிட்டதையும் வேறு நிறங்களில் எழுதுங்கள். பருப்புக்கும் தகரமீனுக்கும் காலாவதித் திகதி ஒரு நிரல். போன வருடம் மிஞ்சியதை முதலில் வெளியே எடுங்கள், அதுவும் திகதியைப் பார்த்த பிறகு. பொதி கட்டும் பிளாஸ்ரிக் பைகளையும் ஒட்டும் ரேப்பையும் பட்டியலில் சேருங்கள். அவைதான் உங்கள் சிரிஞ்ச்.

கடைசியாக இன்னொரு நிரல் வேண்டும். எந்த அட்டவணை மென்பொருளும் அதைக் கேட்பதில்லை. பொருள் பிந்தினால் இந்தக் குடும்பத்துக்கு யார் அறிவிப்பது, எந்த எண்ணுக்கு, எந்த மொழியில், எத்தனை மணிக்கு முன். மின்னஞ்சல் பேரனுடையது என்றால் அம்மம்மாவின் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் அதில் எழுதுங்கள். அழைக்கும் பொறுப்பை "குழு" என்று எழுதாமல் ஒருவருடைய பெயரை எழுதுங்கள். இந்த வருடப் பொதிகளுக்கான தாளை வாலிபர் சங்கச் செயலாளர் நவம்பர் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு எல்லோருக்கும் அனுப்புவார். தொலைபேசி அழைப்புக்கு இதுவரை எங்களில் மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறோம்; இன்னும் நான்கு பேர் வேண்டும், தமிழ் சரளமாகப் பேசத் தெரிந்தால் போதும்.